ஏப்ரல் கடைசியில் எட்டு நாள்: டெத் வேலி, சயான், பிரைஸ், ஆர்ச்சஸ், கிராண்ட் கேன்யன் ஒரே சுற்றில் முடியுமா?

ஓலைப்பாய்:

வணக்கம். ஏப்ரல் கடைசி வாரம் எட்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் பூங்காக்களைச் சுற்றலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பதினொரு வயது மகள், அப்பா. அப்பாவுக்கு 68 வயது, வலது மூட்டு கொஞ்சம் தகராறு. லாஸ் வேகஸில் இறங்கி வாடகைக் கார் எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுக்கிறோம்.

நான் போட்ட கணக்கு இது. முதல் நாள் டெத் வேலி, இரண்டு சயான், மூன்று பிரைஸ் கேன்யன், நான்கும் ஐந்தும் ஆர்ச்சஸ், ஆறு மான்யுமென்ட் வேலி, ஏழு கிராண்ட் கேன்யன், எட்டாம் நாள் வேகஸ் திரும்பி விமானம். மொத்தம் சுமார் 1,400 மைல். ஒரு நாளைக்கு 200 மைல்கூட வரவில்லையே, தாராளமாக முடியும் என்பது என் நினைப்பு.

வீட்டு ஆசைகள்: மனைவிக்கு சயானில் நேரோஸ் பாதை, ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டும். மகள் அதே சயானில் இருக்கும் ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாறையில் சங்கிலியைப் பிடித்து ஏறுகிற வீடியோவைப் பார்த்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. அப்பாவுக்கு ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பெரிய பள்ளத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும்."

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

மணற்கடிகாரம்:

மைல் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் மைலை எண்ணக் கூடாது, காலைப்பொழுதை எண்ண வேண்டும். உங்களிடம் எட்டு நாள் இருக்கலாம், நடக்க உதவும் காலைப்பொழுதுகள் ஆறோ ஏழோதான். விடிந்ததிலிருந்து பத்து மணி வரை நடப்பது சுகம். அந்த நேரத்தைக் காரில் கழித்துவிட்டு மத்தியானம் ஒரு மணிக்குப் பாதை முகப்பில் போய் நின்றால், நிழலும் இருக்காது, வண்டி நிறுத்த இடமும் இருக்காது. நான் மூன்று தடவை போனவள். முதல் தடவை போட்ட திட்டம் கிட்டத்தட்ட உங்களுடையதேதான். அந்த ஆல்பத்தில் பாதிப் படம் கார் கண்ணாடி வழியாக எடுத்தது.

அதனால் ஆர்ச்சஸை வெட்டுங்கள். பிரைஸிலிருந்து ஆர்ச்சஸை ஒட்டிய மோவாப் ஊர் சுமார் 270 மைல், அங்கிருந்து கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு இன்னொரு 320. இரண்டு நாள் சாலைக்கே போய்விடும். அங்கே பேர்போன டெலிகேட் ஆர்ச் போய்வர மூன்று மைல், பெரும்பகுதி மொட்டைப் பாறைமேல் ஏற்றம். உங்கள் அப்பா வண்டி நிறுத்துமிடத்திலேயே உட்கார வேண்டியதுதான். மோவாபுக்கு இன்னொரு லீவு போட்டுத் தனியாக வாருங்கள்.

மான்யுமென்ட் வேலியும் அதோடு போகட்டும். மிச்சத்தை இப்படிப் பிரிக்கலாம்: டெத் வேலி ஒரு இரவு, சயான் இரண்டு, பிரைஸ் ஒன்று, அரிசோனாவில் பேஜ் என்ற ஊர் ஒன்று, கிராண்ட் கேன்யன் இரண்டு. ஏழு இரவு ஆயிற்று.

டெத் வேலியில் ஏப்ரல் கடைசியில் பகலில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம், 100-ம் தொடலாம். சாயங்காலம் சப்ரிஸ்கி பாயின்ட், மறுநாள் விடியலில் பேட்வாட்டர் உப்புவெளி, வெயில் ஏறுவதற்குள் கோல்டன் கேன்யனில் கொஞ்ச தூரம். போதும். பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கிறது. மகளை அங்கே நிற்கவைத்து, பின்னால் இருக்கும் மலைச்சுவரை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறையில் உயரே "கடல்மட்டம்" என்று ஒரு சின்னப் பலகை தெரியும். என் பையன் அதைப் பார்த்ததும் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டான்!

சயானுக்கு வருவோம். நேரோஸ் விஷயத்தில் மனைவியிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. வசந்த காலத்தில் மேலே பனி உருகி வர்ஜின் ஆறு பெருகும். நீரோட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பாதையை மூடிவிடுவார்கள், ஏப்ரலில் பல வருஷம் இதுதான் கதை. அதற்குப் பதில் ரிவர்சைட் வாக். போய்வர 2.2 மைல், தளம் போட்ட பாதை, ஆற்றை ஒட்டியே போய் நேரோஸ் தொடங்கும் வாயிலில் முடியும். அப்பாவும் மெதுவாக நடந்து வந்துவிடலாம். ஷட்டில் பேருந்து ஓடும் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காரை விடமாட்டார்கள். பேருந்து இலவசம். முதல் பேருந்தைப் பிடியுங்கள், எட்டு மணிக்கு மேல் வரிசை கோயில் திருவிழா மாதிரி நீளும்.

ஏஞ்சல்ஸ் லேண்டிங்குக்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டும். மாதக்கணக்கில் முன்னால் ஒரு குலுக்கல், முந்தின நாள் மத்தியானம் மூன்று மணி வரை விண்ணப்பிக்கும்படி இன்னொன்று. இரண்டிலும் போட்டுவையுங்கள். விழாவிட்டாலும் ஸ்கவுட் லுக்அவுட் வரை அனுமதி இல்லாமலே ஏறலாம். அதற்குக் கொஞ்சம் முன்னால் பாறையை வெட்டிப் போட்ட 21 கொண்டை ஊசி வளைவுகள் வரும். சங்கிலி கிடைக்காத ஏமாற்றத்தை அதிலேயே பாதி மறந்துவிடுவாள்.

பிரைஸில் விளிம்பே 8,000 அடிக்கு மேல். முந்தா நாள் டெத் வேலியில் வேர்த்த அதே பையிலிருந்து கம்பளித் தொப்பியும் கையுறையும் எடுக்க வேண்டிவரும். குவீன்ஸ் கார்டன் பாதையில் இறங்கி நவாஹோ லூப் பாதையில் ஏறினால் சுமார் மூன்று மைல். நிழல் விழுகிற திருப்பங்களில் பனிக்கட்டி இருக்கலாம், கைத்தடி எடுத்துப் போங்கள். நீங்கள் கீழே போய்வரும் நேரத்தில் அப்பாவுக்கு மேலே சன்ரைஸ் பாயின்ட்டிலிருந்து சன்செட் பாயின்ட் வரை அரை மைல் தளம் போட்ட பாதை இருக்கிறது. சுண்ணாம்புக்கல் தூண்கள் அத்தனையும் அங்கிருந்தே தெரியும்.

கடைசியில் கிராண்ட் கேன்யன். தெற்கு கைபாப் பாதையில் இறங்குங்கள். ஓ-ஆ பாயின்ட் 0.9 மைல், சீடர் ரிட்ஜ் ஒன்றரை மைல். அதற்கு மேல் வேண்டாம். வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. நான் பட்டதைச் சொல்கிறேன். இறங்கும்போது காலைக் குளிர், உற்சாகம், முக்கால் மணியில் சீடர் ரிட்ஜ். என் கொழுந்தன் கையில் ஒரே ஒரு அரை லிட்டர் பாட்டில், அதையும் அங்கே உட்கார்ந்து காலி செய்துவிட்டார். திரும்பினால் 1,100 அடிக்கு மேல் ஏற்றம், முதுகில் பத்தரை மணி வெயில். பாதி வழியில் அவர் பேச்சு நின்றது. உதட்டு ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, கை நடுங்கியது. என்னிடம் இருந்த தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்து, பையில் கிடந்த மிக்சரையும் தின்ன வைத்து, நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார வைத்து ஏற்றினோம். வேர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, உப்புள்ள தீனி கூடவே வேண்டும். இறங்க ஆன நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டயர்வண்டி:

அக்கா நடக்குற சங்கதியெல்லாம் சொல்லிட்டாங்க, நான் வண்டிக் கதையைச் சொல்றேன்.

அப்பாகிட்ட கிரீன் கார்டு இருக்கா? 62 வயசு தாண்டின அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமா வசிக்க உரிமை உள்ளவங்களுக்கும் பூங்கா நுழைவுக்கு சீனியர் பாஸ் இருக்கு. ஒரு வருஷத்துக்கு 20 டாலர், ஆயுசுக்கும்னா 80. அவர் வண்டியில இருந்தா போதும், கூட இருக்குற எல்லாருக்கும் சேர்த்துதான். ஆனா மான்யுமென்ட் வேலியும் பேஜ் பக்கத்துல இருக்குற ஆன்டலோப் கேன்யனும் நவாஹோ பழங்குடி மக்களோட நிலம், அங்க இந்த பாஸ் செல்லாது.

டெத் வேலியில ரேஸ்ட்ராக்குன்னு சொல்ற காய்ஞ்ச ஏரிப் பக்கம் போகவே போகாதீங்க. 27 மைல் மண்ரோடு, கத்தி மாதிரி கல்லு. வாடகை ஒப்பந்தத்துலயே தார் போடாத ரோட்டுக்குப் போகக்கூடாதுன்னு போட்டிருக்கும். எனக்குக் குடுத்த கார்ல ஸ்டெப்னியே இல்ல, டிக்கியைத் திறந்தா ஒரு காத்தடிக்கிற பம்ப்பும் பசை டப்பாவும்தான். சாவி வாங்குறதுக்கு முன்னாடி டிக்கியைத் திறந்து பாருங்க.

போன் சொல்ற குறுக்குவழியை நம்பாதீங்க. சிக்னல் பல இடத்துல கிடையாது, மேப்பை முன்னாடியே இறக்கி வச்சுக்கோங்க, காகித மேப்பும் ஒண்ணு. தண்ணி ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன், அது வண்டியில எப்பவும் இருக்கணும். டேங்க் பாதி இறங்கினா கண்ணுல படுற முதல் பங்க்ல நிரப்பிடுங்க.

ஓலைப்பாய்:

இருவருக்கும் நன்றி. ஆர்ச்சஸை வெட்டியாகிவிட்டது. மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மோவாபுக்கு அக்டோபரில் என்று எழுதி வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் கிரீன் கார்டு இருக்கிறது. "ஊரையே நான்தான் கூட்டிப் போகிறேன்" என்று இப்போதே மிடுக்கு.

இரண்டு சந்தேகம். நாங்கள் கைபாப் இறங்கும்போது அப்பா தனியாக என்ன செய்வார்? பேஜில் எங்கள் கையிருப்புக்கு ஏற்ற அறை கிடைக்கவில்லை, யூட்டாவில் இருக்கும் கனாப் ஊரில் தங்கினால் ஒத்துவருமா?

மணற்கடிகாரம்:

அப்பாவுக்கு விளிம்புப் பாதையில் "டிரெயில் ஆஃப் டைம்" இருக்கிறது. யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம். சமதளம், தளம் போட்டது. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருஷம் என்று கணக்கு வைத்து, அந்தந்தக் காலத்துப் பாறையைக் கீழிருந்து கொண்டுவந்து ஓரத்தில் நட்டிருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். என் மாமனார் இரண்டு மணி நேரம் அதிலேயே இருந்தார். நாங்கள் ஏறி வந்து தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கனாப் தாராளமாகச் சரி. பிரைஸிலிருந்து 80 மைல்தான். மறுநாள் 89ஏ சாலையில் போங்கள், தென்விளிம்புக்கு நாலு மணி நேரம் ஆகும். வழியில் கொலராடோ ஆற்றின் மேல் நவாஹோ பாலம். 1929-இல் கட்டிய பழைய பாலம் இப்போது நடப்பதற்கு மட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் இறக்கையில் எண் கட்டிய கான்டோர் கழுகுகள் பாலத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்.

கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூட்டாவிலிருந்து அரிசோனாவுக்குள் நுழைந்தால் ஏப்ரலில் ஒரு மணி நேரம் லாபம். அரிசோனாவில் கோடைக்கு மணியை மாற்றுவதில்லை, ஆனால் அதற்குள்ளேயே இருக்கும் நவாஹோ நிலத்தில் மாற்றுவார்கள். இது தெரியாமல், பேஜிலிருந்து கிளம்பி மான்யுமென்ட் வேலியில் நாலு மணி ஜீப்புக்கு கால் மணி முன்னாலேயே வந்துவிட்டோம் என்று பெருமையாக இறங்கினேன். அங்கே மணி நாலே முக்கால்.

ஓலைப்பாய்:

கனாபில் அறை போட்டாயிற்று. மகள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள்: மீட்டருக்குப் பத்து லட்சம் என்றால் தாத்தாவின் 68 வருஷம் ஒரு தலைமுடி கனம்கூட இருக்குமோ என்னவோ. அப்பா தன் தலையைத் தடவிக்கொண்டு, "அதுவும் இங்கே அதிகம் மிச்சமில்லை" என்கிறார்.