நெஞ்சில் கோத்த சீழுக்கு டியூப் போடத்தான் வேண்டுமா?

கேள்வி (பாலக்கோடு):
அப்பாவுக்கு 58 வயது. தக்காளி மண்டியில் சுமை தூக்குகிறார், சர்க்கரை நோய் உண்டு. நிமோனியாவுக்கு ஒரு வாரம் மருந்து எடுத்துக் காய்ச்சல் தணிந்த பிறகு, மறுபடியும் மாலைதோறும் குளிர்காய்ச்சலும், மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தலும் வந்துவிட்டன. ஊசியால் எடுத்த நீர் கலங்கலாக இருந்ததால் விலாவில் டியூப் போட வேண்டும் என்கிறார்கள். உறவினர்களோ, இன்னொரு முறை ஊசியால் எடுத்துவிட்டு மாத்திரையைத் தொடர்ந்தால் போதும் என்கிறார்கள். எது சரி?

பதில் (தருமபுரி, பொது மருத்துவர்):
மருந்துக்குத் தணிந்த நிமோனியாக் காய்ச்சல் திரும்பி வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே கோத்த சீழைத்தான். சர்க்கரை நோயாளிகளுக்கும், பல் சொத்தையைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கும், மது அருந்துபவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. எடுத்த நீர் சீழாகவே இருந்தாலோ, அதன் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 7.2-க்குக் கீழே இருந்தாலோ, குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் குறைந்தாலோ டியூப் தேவைப்படும். வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராமலும் போகலாம். அதனால் சீழ் இல்லை என்று ஆகிவிடாது.

ஊசி ஏன் போதாது என்றால், நாள் செல்லச் செல்லச் சீழ் கெட்டியாகி, சிலந்தி வலை போன்ற தடுப்புகளால் தனித்தனி அறைகளாகப் பிரிந்துவிடும். இரத்த ஓட்டமில்லாத அந்த அறைகளுக்குள் மருந்தும் சரியாகச் சென்று சேராது. அல்ட்ராசவுண்டில் இந்தத் தடுப்புகள் எக்ஸ்ரேயைவிடத் தெளிவாகத் தெரியும். மேலும் சில வாரங்கள் விட்டால் நுரையீரலின் மேல் தடித்த தோல் படிந்து, அது விரிய முடியாமல் சிக்கிக்கொள்ளும். பிறகு அறுவை சிகிச்சையில் அந்தத் தோலை உரித்தெடுக்க வேண்டி வரும். ஆகவே என் கருத்து, இன்றே சேர்த்துவிடுங்கள் என்பதுதான். டியூப் போட்டாலும் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் 3 முதல் 6 வாரம் வரை தொடரும்.

பதில் (ஊத்தங்கரை):
எனக்கு டியூப் போட்டிருந்தார்கள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகே துளையிட்டார்கள். அந்த நேரத்தைவிட, பிறகு இருமும்போதுதான் வலித்தது. டியூபின் வெளிமுனை, சீழ் வடியும் பாட்டிலில் உள்ள நீருக்குள் மூழ்கியிருப்பதால் காற்று உள்ளே போகாது. பாட்டிலை நெஞ்சு மட்டத்திற்கு மேல் தூக்கவே கூடாது. கழிப்பறைக்குச் செல்லும்போது இதைத்தான் மறந்துவிடுவோம். மூச்சுப்பயிற்சிக்கான பந்துக் கருவியை வலிக்குப் பயந்து ஒதுக்கிவிடாமல், மூச்சை உள்ளிழுத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். நானோ பாதி நாள் செய்யாமலேயே ஏமாற்றினேன்.

கேள்வி கேட்டவர்:
குளுக்கோஸ் 28 என்று வந்தது. அப்பா ஒப்புக்கொண்டார், இன்று மாலை சேர்க்கிறோம். காசநோய்ச் சோதனையும் எழுதியிருக்கிறார்கள், அது எதற்கு?

பதில் (தருமபுரி, பொது மருத்துவர்):
காசநோயும் இப்படிச் சீழாகக் கோத்துக்கொள்ளும். அதற்குரிய மருந்துகள் வேறு, குறைந்தது ஆறு மாதம் எடுக்க வேண்டும். எடுத்த நீரிலேயே பார்த்துவிடலாம் என்பதால் மறுக்காதீர்கள். அப்பாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் பழைய எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.