மறு: மறு: துளைமுனையா, குழிமுனையா, மலர்குண்டா?

எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். உடம்பில் பட்டதும் விரியும்படி முனையில் குழி வைத்த ‘ஹாலோ பாயிண்ட்’ குண்டுக்குத் ‘துளைமுனைக் குண்டு’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது, நாம் தமிழாக்குகிற துப்பாக்கிக் கையேட்டிலும் ஏறப்போகிறது என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஹாலோ என்றால் துளை, பாயிண்ட் என்றால் முனை, கூட்டினால் துளைமுனை. அகராதிக் கணக்கு சரிதான். ஆனால் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் ‘துளைமுனைக் குண்டு’ என்று சொல்லிப்பாருங்கள், எதையும் துளைத்துக்கொண்டு போகிற குண்டு போலிருக்கிறது என்பார். இந்தக் குண்டு அப்படிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் அதன் முனையையே குடைந்து வைத்திருக்கிறார்கள். பொருளுக்கு நேர் எதிரான பெயரை வைத்துவிட்டு அடிக்குறிப்பில் அழுதுகொண்டிருக்க வேண்டாம்.

இது வெறும் சொல் சண்டையும் இல்லை. நாம் பெயர்க்கிற அத்தியாயமே, தற்காப்புக்கென்று சின்னக் கைத்துப்பாக்கியை உரிமத்தோடு உடன் வைத்திருப்பவர் அதில் எந்தத் தோட்டாவைப் போடுவது என்பதுதான். பெயர் குழப்பினால் படிப்பவர் மாற்றி வாங்குவார். பயிற்சிக்குச் சுடுகிற முழு உறைக் குண்டு, அதாவது ஈயத்தின் மேல் முனைவரை செம்பு போர்த்தியது, விலை மலிவு, முனை உருண்டை, உடம்பில் பட்டாலும் பெரும்பாலும் உருவம் மாறாமல் மறுபுறம் போய்விடும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

என் மேசையில், சோதனைக்காக உடம்புத் தசைக்குப் பதிலாக வைக்கிற ஜெலட்டினில் சுட்டு எடுத்த குழிக் குண்டு ஒன்று கிடக்கிறது. சுடும் முன் 9 மில்லிமீட்டர் விட்டம், இப்போது அளந்தால் 15க்குப் பக்கத்தில். முன்பக்கம் ஆறாகப் பிளந்து பின்னோக்கிச் சுருண்டிருக்கிறது, வெளியே செம்பு, உள்ளே மங்கலான ஈயம், நடுவில் இன்னும் கொஞ்சம் குழி பாக்கி. விரலை ஓட்டினால் ஓரம் கீறுகிறது. இதைப் பார்த்துத்தான் நம்மில் ஒருவர் ‘மலர்குண்டு’ என்று எழுதினார் என நினைக்கிறேன். உவமை பொருத்தம்தான், ஆங்கிலத்திலும் அந்தப் பிளவுகளை இதழ்கள் என்றே சொல்கிறார்கள். ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு மனிதனின் உடம்புக்குள் நடப்பதை மலர்தல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

‘டம்டம் குண்டு’ என்றே இருக்கட்டும் என்று சொன்னவருக்கு: கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் செய்தது, ஈய மூக்கை உறையில்லாமல் வெளியே விட்ட குண்டு. முனையில் குழி கிடையாது. தவிர, உடலுக்குள் எளிதில் விரிகிற குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று 1899இல் ஹேக் நகரில் நாடுகள் அறிவித்ததோடு அந்தப் பெயருக்கு ஒரு குற்ற வாடையும் ஒட்டிக்கொண்டது. அந்த அறிவிப்பு போருக்கானது. பல நாட்டுக் காவல்துறையினர் இன்று இடுப்பில் வைத்திருப்பது விரிகிற குண்டுதான்.

அப்புறம் ‘விரிகுண்டு’. ஒரு வாரத்துக்கு முன் கேட்டிருந்தால் நானே இதற்குக் கை தூக்கியிருப்பேன். சிக்கல் என்னவென்றால், எல்லாம் விரிவதில்லை. குழிக்குள் திசுவும் நீர்மமும் வேகமாகப் புகுந்து உள்ளிருந்து நெருக்கினால்தான் சுவர் பிளக்கும். தடித்த துணியைக் கடக்கும்போது துணித்துண்டு குழியை அடைத்துக்கொண்டால் அது சாதாரண உருண்டை முனைக் குண்டு மாதிரி நேராகப் போய்விடும். சிலர் குழியில் மெத்தென்ற பிளாஸ்டிக்கை நிரப்பி விற்பது இதற்காகத்தான். கச்சிதத் துப்பாக்கியில் இன்னொரு தொல்லை: குழல் மூன்று அங்குலம்தான், வெடிமருந்து எரிந்து தள்ள இடம் போதாமல் வேகம் குறைகிறது, நீளக் குழலில் அழகாக விரிந்த அதே குண்டு இதில் பாதி விரிந்து நின்றுவிடும். குட்டைக் குழலுக்கென்றே தனித் தோட்டா வருவது அதனால்தான். ஆக விரிவது செயல், குழி வடிவம். பெயரை வடிவத்தின் மேல் வைப்போம், செயலுக்கு ‘விரிதல்’ என்று தனியாக வைப்போம். அப்போதுதான் ‘குழிமுனை விரியவில்லை’ என்று எழுத முடியும். ‘விரிகுண்டு விரியவில்லை’ என்று எழுதினால் அடுத்த வரியைப் படிக்காமலே சிரிப்பார்கள்.

என் வாக்கு: குழிமுனைக் குண்டு. பள்ளிக்கூடத்திலேயே குழியாடி, குழிலென்சு படித்தவர்கள் நாம், புதிதாகப் பழக ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. குண்டு உடம்பைக் கடந்து மறுபுறம் போய்விடுகிற ‘ஓவர் பெனட்ரேஷன்’ என்பதற்கு ‘மிகை ஊடுருவல்’ என்று வரைவில் கண்டேன், எல்லையில் நடக்கிற சங்கதி மாதிரி இருக்கிறது. அம்புக்குத் தமிழில் வினைகளுக்குப் பஞ்சமா? தைத்தால் உள்ளே நிற்கும், உருவினால் மறுபுறம் போகும். ஏழு மராமரங்களையும் உருவிப் போன அம்பு இராமனுடையது, அது திரும்பி வந்து தூணியில் புகுந்துகொண்டது, நம் குண்டு திரும்பி வராது. ‘உருவிப்போதல்’ என்று வைத்துவிடலாம். பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் ‘உருவல்’.

எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வைத்த அளவு 12 முதல் 18 அங்குலம், அதாவது ஏறக்குறைய 30 முதல் 46 சென்டிமீட்டர், 10 சதவீத ஜெலட்டினில். 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைதான் அதற்குத் தொடக்கம்: குற்றவாளியின் கையைக் கடந்து மார்புக்குள் போன 9 மி.மீ. குண்டு ஒன்று இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது, அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான், எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் இறந்தார்கள். அதனால் அத்தியாயத்தில் ‘உருவக்கூடாது’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். .380 மாதிரி வலுக் குறைந்த தோட்டாவில் குழிமுனை விரிந்தால் பல சமயம் அந்த 12 அங்குலத்தை எட்டுவதே இல்லை. விரிவா ஆழமா என்று அங்கே ஒன்றைத்தான் பிடிக்க முடிகிறது.

கடைசியாக, ‘124 தானியம்’ என்று யார் பெயர்த்தது என்று கேட்கமாட்டேன். ஆங்கிலத்தில் ‘கிரெயின்’ என்றால் தானியமும்தான், ஆனால் இங்கே அது குண்டின் எடை அலகு, 64.8 மில்லிகிராம். அப்படியே விட்டுவிடுங்கள்.

———

தம்பி, துளைமுனை என் கைவரிசைதான், ஒத்துக்கொள்கிறேன். தானியமும் நான்தான், அதைக் கேட்காமல் விட்டதற்கு நன்றி.

குழிமுனைக்குச் சரி. ஒரு சந்தேகம். ‘முழு உறைக் குண்டு’ என்று எழுதுகிறீர்கள். நான் மூன்றாம் அத்தியாயத்தில் பித்தளைப் பாகத்தைத் ‘தோட்டா உறை’ என்று முப்பது இடத்திலாவது எழுதிவிட்டேன். ஒரே உறை இரண்டு இடத்தில் எப்படி நிற்கும்? குண்டு மேல் இருக்கும் செம்பைக் ‘கவசம்’ ஆக்கிவிடலாமா?

———

ஐயா, கவசம் வேண்டாமே. குண்டு துளைக்காத உடையைக் கவசம் என்கிறோம், கவசத்தைத் துளைக்கிற குண்டு என்றும் ஒரு வகை தனியாக வரப்போகிறது, ‘கவசம் துளைக்கும் முழுக் கவசக் குண்டு’ என்று ஒரு வரி எழுதிப்பாருங்கள், தலை சுற்றும்.

பித்தளைக்குக் ‘கூடு’ என்று வைக்கலாம். சுட்டதும் உள்ளே ஒன்றும் இல்லாமல் துள்ளி விழுகிறதே, ‘வெற்றுக்கூடு’ என்பது தானாகவே வாயில் வருகிறது. உறை செம்புக்கே இருக்கட்டும். கூட்டுக்குள் மருந்து, பின்னால் அதைப் பற்றவைக்கிற கேப்பு, முன்னால் குண்டு, நான்கும் சேர்ந்தால் தோட்டா. செய்தித்தாள்களில் ‘தோட்டா பாய்ந்து’ என்றுதான் வரும், பாய்வது குண்டு மட்டும்தான், கூடு சுட்டவன் காலடியில் கிடக்கும். ஈழத்து நண்பர்கள் குண்டைச் சன்னம் என்பார்கள். அதையும் சொல்லடைவில் ஓர் இணைச்சொல்லாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிப் பிரித்துவைத்தால் இன்னொரு இடத்திலும் கை கொடுக்கும். தினமும் வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து, காலையில் அதே தோட்டாவையே மறுபடி குழலறையில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், ஏற்றுகிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அதைப் பெட்டியில் இருந்த புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன், ஒரு நூல் அளவு குட்டை. ஏற்றும்போதெல்லாம் குழலறை வாயிலில் இருக்கிற சரிவில் மூக்கு இடித்து இடித்துக் குண்டு கூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே இடம் குறைந்தால் மருந்து எரியும்போது அழுத்தம் ஏறும், அது ஆபத்து. அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிட்டேன். ஆங்கிலத்தில் ‘செட்பேக்’ என்கிற இதற்கு வரைவில் ‘பின்னடைவு’ என்று இருக்கிறது, தேர்தல் முடிவு மாதிரி. ‘குண்டு அமுங்கல்’ போதும்.

முப்பது இடத்தையும் தேடி மாற்றும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் இன்றிரவு பூட்டாமல் வையுங்கள்.