கைப்பேசி மாற்றிய பின் மின்னஞ்சல் கணக்குக்குள் நுழைய முடியவில்லை; பாதுகாப்பாக மீட்க வழி உண்டா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சுமார் 12 ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வரும் மின்னஞ்சல் கணக்குக்குள் நான்கு நாட்களாக நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லை மறக்கவில்லை; அதை ஏற்றுக்கொண்ட பிறகு, ஆத்தென்டிகேட்டர் செயலியில் தெரியும் ஆறிலக்கக் குறியீட்டைக் கேட்கும் இடத்தில்தான் தடை ஏற்படுகிறது.

ஏழெட்டு மாதங்களுக்கு முன் புதிய கைப்பேசி வாங்கினேன். எண்ணையும் அப்போதே மாற்றிவிட்டேன். மடிக்கணினியில் கணக்கு எப்போதும் திறந்தே இருந்ததால் எந்தச் சிக்கலும் தெரியவில்லை. சென்ற வாரம் உலாவியின் குக்கீகளை அழித்ததும் கணக்கு வெளியேறிவிட்டது. புதிய கைப்பேசியில் அதே செயலியை நிறுவிப் பார்த்தேன். அது வெறுமையாக இருக்கிறது. குறுஞ்செய்தி வழியைத் தேர்ந்தெடுத்தால், கைவிட்ட பழைய எண்ணுக்குத்தான் குறியீடு போகிறது. பதற்றத்தில் பலமுறை முயன்றதால், இப்போது "சிறிது காலம் கழித்து முயலவும்" என்ற அறிவிப்பு மட்டுமே வருகிறது. பழைய கைப்பேசி சிம் இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது; எல்லாவற்றையும் அழித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன்.

இணையத்தில் தேடியபோது வாடிக்கையாளர் சேவை எண் என்று ஒன்று கிடைத்தது. பேசியவர் என் திரையைப் பார்ப்பதற்காக ஒரு செயலியை நிறுவச் சொல்கிறார், கட்டணமும் கேட்கிறார். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. குடும்பத்தின் பழைய நிழற்படங்களும் வேறு பல தளங்களின் கடவுச்சொல் மீட்பும் இந்த ஒரு முகவரியையே நம்பியிருப்பதால், தவறான அடி எதையும் எடுத்து வைக்க அஞ்சுகிறேன். வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

முதலில், அந்தப் பழைய கைப்பேசியை எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள். உங்கள் கணக்கின் சாவி இன்னும் அதற்குள்தான் இருக்கக்கூடும்.

ஆத்தென்டிகேட்டர் குறியீடு எங்கிருந்தோ அனுப்பப்பட்டு வருவதில்லை. இருபடிச் சரிபார்ப்பை அமைத்த அன்று கியூஆர் படத்தை ஸ்கேன் செய்திருப்பீர்கள். அப்போது ஒரு இரகசியச் சாவி அந்தக் கைப்பேசியில் பதிந்துவிட்டது. அந்தச் சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை செயலி புதிய எண்ணை உருவாக்குகிறது. 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தர ஆவணம் விவரிக்கும் முறை இது. ஆகவே சிம் இல்லாவிட்டாலும், இணைய இணைப்பே இல்லாவிட்டாலும், பழைய கைப்பேசி சரியான எண்ணைக் காட்டும். புதிய கைப்பேசியில் செயலி வெறுமையாக இருப்பதற்கும் இதுவே காரணம்: செயலி அங்கே வந்துவிட்டது, சாவி வரவில்லை. சில செயலிகள் சாவிகளை இணையக் கணக்கில் சேமித்து வைக்கும். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் அந்த வசதி 2023இல்தான் வந்தது, அதையும் பயன்படுத்துபவர் இயக்கியிருக்க வேண்டும்.

அடுத்து, முயற்சிகளை இன்று முழுவதும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு தவறான முயற்சியும் கணக்கைத் திருட முயல்பவரின் செயலைப் போலவே அமைப்புக்குத் தோன்றும். வேறு ஏதேனும் பழைய கருவியில் மின்னஞ்சல் செயலி இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்து வையுங்கள். முன்பு சேமித்த பழைய கடவுச்சொல்லை அது தானாகவே மீண்டும் மீண்டும் அனுப்பி, நீங்கள் எதுவும் செய்யாதபோதும் பூட்டை நீட்டித்துக்கொண்டிருக்கலாம்.

பிறகு முயலும்போது, வழக்கமாக நுழைந்த அதே மடிக்கணினி, அதே உலாவி, அதே வீட்டு இணைப்பு ஆகியவற்றையே பயன்படுத்துங்கள். குக்கீகள் போய்விட்டாலும் பழகிய இடத்திலிருந்து வருவது மதிப்புடையது. கூகுள் தன் மீட்புக் குறிப்புகளில் இதையே வெளிப்படையாகச் சொல்கிறது. மீட்புப் பக்கம் கேள்விகள் கேட்டால், உறுதியாகத் தெரியாவிட்டாலும் தவிர்க்காமல் இயன்றவரை நெருக்கமான விடையைக் கொடுங்கள் என்றும் அதில் உள்ளது.

மறுமொழி 2

தொலைபேசியில் பேசியவரைப் பற்றி யாரும் சொல்லாமல் விடக்கூடாது என்பதால் எழுதுகிறேன். அவருடன் தொடர்பை இன்றே துண்டித்துவிடுங்கள். தேடல் முடிவுகளிலும் விளம்பரங்களிலும் உதவி மைய எண் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஓர் எண்ணைப் பரப்ப முடியும். திரையைப் பகிரும் செயலியை நிறுவிவிட்டால், உங்கள் கைப்பேசிக்கு வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் அவர் உங்களுடன் சேர்ந்தே வாசிப்பார். வங்கியிலிருந்து வரும் ஓடிபியும் அதில் அடங்கும்.

என் நெருங்கிய உறவினர் ஒருவர் இதே நிலையில் இருந்தபோது, உதவ வந்தவர் மிகப் பொறுமையாகவும் மரியாதையாகவும் பேசி, "உங்களுக்கு இப்போது ஒரு குறியீடு வரும், அதை மட்டும் வாசியுங்கள்" என்று கேட்டார். அந்தக் குறியீட்டை யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதே குறுஞ்செய்தியில் எழுதியிருந்ததை உறவினர் கவனிக்கவில்லை. சில நிமிடங்களில் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் மாற்றப்பட்டுவிட்டன. அந்தக் கணக்கு பின்னர் திரும்பவே இல்லை. அந்த முகவரியில் இருந்த கடிதங்களுக்காக அவர் வருந்துவதை இன்றும் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.

மீட்புப் பக்கத்தைத் தேடலின் வழியாக அடையாமல், சேவையின் முகவரியை நீங்களே முகவரிப் பட்டியில் தட்டச்சு செய்து, உள்நுழைவுப் பக்கத்தில் இருக்கும் "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" அல்லது "வேறு வழியில் முயல்க" என்ற இணைப்பின் வழியாகவே செல்லுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த எண்ணைத் தடை செய்துவிட்டேன். பழைய கைப்பேசியை மின்னேற்றி இயக்கினேன். செயலியில் என் கணக்கின் பெயர் அப்படியே இருக்கிறது, குறியீடும் மாறிக்கொண்டே வருகிறது. ஆனால் ஒரு நாள் காத்திருந்து முயன்றபோது அந்தக் குறியீடு தவறு என்று மறுக்கப்பட்டது. இரண்டாம் முறை முயலாமல் நிறுத்திவிட்டேன். சாவி காலாவதியாகிவிட்டதா?

மறுமொழி 3

சாவிக்குக் காலாவதி கிடையாது. நீங்களோ சேவையோ அதை நீக்கினால்தான் செல்லாமல் போகும். பெரும்பாலும் கடிகாரம்தான் காரணமாக இருக்கும். மின்கலம் முற்றிலும் தீர்ந்து மாதக்கணக்கில் கிடந்த கைப்பேசியில் தேதியும் நேரமும் பின்தங்கிவிடுவது உண்டு. குறியீடு நேரத்திலிருந்தே பிறப்பதால், கடிகாரம் சில நிமிடங்கள் தவறினாலும் தவறான எண்தான் கிடைக்கும். மேலே குறிப்பிட்ட தர ஆவணம்கூட, தாமதத்துக்காக ஒரு 30 விநாடிப் படிக்கு மேல் சலுகை தர வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது.

அந்தக் கைப்பேசியை வீட்டு வைஃபையில் இணைத்து, அமைப்புகளில் தேதியும் நேரமும் தானாக அமையும் தெரிவை இயக்குங்கள். நேர மண்டலத்தையும் சரிபாருங்கள். பிறகு குறியீடு புதிதாக மாறும் தருணம்வரை காத்திருந்து, மாறியவுடன் உள்ளிடுங்கள்.

கேட்டவர்

உள்ளே நுழைந்துவிட்டேன். தேதி இரண்டு ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. அதைச் சரிசெய்ததும் முதல் முயற்சியிலேயே கணக்கு திறந்தது. எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல வார்த்தை இல்லை. இனி எதை முதலில் செய்ய வேண்டும்? இருபடிச் சரிபார்ப்பையே நிறுத்திவிடலாமா?

மறுமொழி 1

நிறுத்த வேண்டாம். முதலில், கைப்பேசி கையில் இல்லாதபோதும் நுழைய உதவும் காப்புக் குறியீடுகளை எடுத்துத் தாளில் அச்சிட்டு வையுங்கள். கூகுள் கணக்கு என்றால் 10 குறியீடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறை மட்டுமே பயன்படும், புதிய தொகுப்பை உருவாக்கினால் பழையது செல்லாது. அந்தத் தாளின் படத்தை அதே மின்னஞ்சலிலோ அதே கைப்பேசியிலோ சேமித்து வைப்பதில் பயனில்லை.

அதன் பிறகு மீட்பு எண்ணை மாற்றுங்கள். கைவிடப்பட்ட எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனம் வேறு ஒருவருக்கு வழங்கிவிட முடியும்; உங்கள் கணக்கின் குறியீடுகள் அந்நியர் ஒருவரின் கைக்குப் போகக்கூடிய நிலையில் இத்தனை மாதங்களாக இருந்திருக்கிறது. அடுத்து புதிய கைப்பேசியில் ஆத்தென்டிகேட்டரை அமையுங்கள். புதியதைச் சேர்த்து, அது வேலை செய்கிறது என்று கண்ட பின்னரே பழையதை நீக்குங்கள். மடிக்கணினியில் திறந்திருக்கும் கணக்கை அப்படியே விட்டுவிட்டு, உலாவியின் மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரம் ஒன்றில் புதிதாக நுழைந்து பார்ப்பதே சரியான சோதனை. அங்கே தடை வந்தாலும் திறந்திருக்கும் சாளரத்திலிருந்து திருத்திக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நீக்குவதும் கூடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாதுகாப்புத் தகவல்கள் அனைத்தையும் ஒன்றாக நீக்கினால் 30 நாள் காத்திருக்க நேரிடும்.

இறுதியாக, கணக்கு திறந்திருக்கும் கருவிகளின் பட்டியலையும், அஞ்சல்களை வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதேனும் உங்களுக்குத் தெரியாமல் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஊடுருவியவர்கள் பலமுறை விட்டுச்செல்லும் தடயம் அந்த விதிதான். கடவுச்சொல்லை மாற்றினாலும் அது தானாக நீங்காது.

மறுமொழி 4

குறுஞ்செய்தி வழியை அறவே நீக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. சிம்மை ஏமாற்றித் தம் பெயருக்கு மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். முடிந்தால் கடவுச்சாவியை (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியின் விரல்ரேகை அல்லது திரைப்பூட்டைக் கொண்டு நுழைய உதவும் பாஸ்கீ) அமையுங்கள். அது உருவாக்கப்பட்ட இணைய முகவரியோடு பிணைந்திருப்பதால், போலிப் பக்கத்தில் நீங்களே ஏமாந்து நின்றாலும் அது செயல்படாது. ஆறிலக்கக் குறியீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. போலிப் பக்கத்தில் இட்டால், 30 விநாடிக்குள் உண்மையான பக்கத்தில் அதை வேறொருவர் பயன்படுத்திவிடலாம்.

மறுமொழி 3

கடவுச்சாவி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. குறுஞ்செய்தியை அறவே நீக்குவதில் மட்டும் மாறுபடுகிறேன். தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் அது கட்டுப்பாட்டுக்குரிய வழியாக வகைப்படுத்தப்பட்டதே தவிர, தடை செய்யப்படவில்லை. வேறு இரண்டு வழிகள் உறுதியாகக் கையில் இருப்பவர் நீக்கலாம். கடவுச்சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லாதவருக்குக் குறுஞ்செய்தியும் மதிப்புள்ள காவல்தான்.

கேட்டவர்

காப்புக் குறியீடுகளை அச்சிட்டுவிட்டேன், மறைநிலைச் சாளரத்தில் புதிய கைப்பேசியின் குறியீடு வேலை செய்கிறது, எண்ணையும் மாற்றிவிட்டேன். அறியாத கருவியோ விதியோ எதுவும் இல்லை. இனி பழைய கைப்பேசியை அழித்துவிடலாம் அல்லவா?

மறுமொழி 1

இன்னும் வேண்டாம். அதிலுள்ள ஆத்தென்டிகேட்டர் செயலியைத் திறந்து, மின்னஞ்சலைத் தவிர வேறு எந்தக் கணக்குகளின் பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு பெயரும் தனித்தனிச் சாவி. மின்னஞ்சலின் சாவியை மாற்றியதால் மற்றவை மாறியிருக்காது. அவை ஒவ்வொன்றையும் புதிய கைப்பேசிக்குக் கொண்டுவந்து, ஒருமுறையாவது வெளியேறி மீண்டும் நுழைந்து பார்த்த பிறகு அழியுங்கள்.