கிளை நூலகத்தில் ஞாயிறு குடும்ப வாசிப்பு: எங்கிருந்து தொடங்குவது?

வட்டம்_டெல்டா:

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிற ஒரு மணி நேரத்தைத் தொடங்கலாம் என்று வாசகர் வட்டத்தில் முடிவாகியிருக்கிறது. நூலகரும் சரி சொல்லிவிட்டார். குழந்தைகள் பகுதி என்று இருப்பது ஒரே ஒரு கண்ணாடி பீரோ. அதுவும் பூட்டியே இருக்கும். உள்ளே பாதி பொது அறிவு வினா விடை, மீதி நீதிக்கதைத் தொகுப்பு. 12 அடிக்கு 15 அடி இடம் கிடைக்கும், பாய் இருக்கிறது, கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. 3 முதல் 8 வயதுக் குழந்தைகளை எதிர்பார்க்கிறோம்.

எத்தனை புத்தகம், எந்த மாதிரிப் புத்தகம் வாங்கலாம்? ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டால் என்ன செய்வது? வீட்டுக்குக் கொடுத்தால் புத்தகம் திரும்பி வருமா? எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் பாட்டிகளும் வருவார்கள், அவர்களுக்கு என்ன வேலை தருவது?

நூலடுக்கு:

முதலில் பூட்டு விஷயம். பீரோ பூட்டியிருப்பதற்குக் காரணம் பதிவேடு. நூலக இருப்பில் ஏறிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் சேர்க்கை எண் உண்டு. இருப்புச் சரிபார்ப்பில் ஒன்று குறைந்தாலும் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் அந்தப் பீரோவைத் திறந்துவைக்கச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் புத்தகங்களை நூலகத்துக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்காமல், வாசகர் வட்டத்தின் தனிச் சேகரிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் முத்திரை, 1-லிருந்து வரிசை எண், தனி நோட்டு, அவ்வளவுதான். இப்படி வைத்துக்கொள்வதாக நூலகருக்கு ஒரு கடிதம் கொடுத்து, மாவட்ட நூலக அலுவலருக்கும் அவர் வழியாக ஒரு நகல் போய்ச் சேரட்டும். பிறகு கிழிந்தாலும் தொலைந்தாலும் அது உங்கள் கணக்கு, நூலகர் நிம்மதியாக இருப்பார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் தன் ஐந்து நூலக விதிகளில் முதலாவதாக வைத்தார். குழந்தைகள் பகுதியில் அந்த விதி நடப்புக்கு வர இந்த ஏற்பாடு உதவும்.

எண்ணிக்கைக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். உங்கள் இடம் 180 சதுர அடி. 15 குழந்தைகள், கூட 15 பெரியவர்கள் என்றால் ஆளுக்கு 6 சதுர அடி. அதற்கு மேல் நெரிசல்தான். ஒரு குழந்தைக்கு 2 புத்தகம் வீட்டுக்குக் கொடுத்தால் 30 புத்தகம் வெளியே இருக்கும். உள்ளே இன்னொரு 30 இருந்தால்தான் அடுத்த வாரம் வருகிறவர்களுக்குத் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும். ஆக 60. சராசரி 60 ரூபாய் வைத்தால் 3,600. நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் ஆகியவற்றில் தேடினால் இந்த விலையை ஒட்டியே கிடைக்கும். தூலிகாவின் இருமொழிப் படப் புத்தகங்கள் விலை சற்றுக் கூடுதல், அவற்றில் சில இருக்கட்டும்.

60-ல் 10 புத்தகமாவது சொல்லே இல்லாத படக்கதைகளாக இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஓரிரு வரி உள்ளவை 25, கொஞ்சம் நீளமான கதைகள் 15, மீதி பத்தில் பூச்சி, ரயில், மழை, உடம்பு என்று தகவல் புத்தகங்கள். கதை பிடிக்காத குழந்தைகள் உண்டு. அவர்களை நூலகத்துக்குள் இழுப்பது இந்தப் பத்துதான், இதைக் குறைக்காதீர்கள். 200 பக்க நீதிக்கதைத் தொகுப்பு ஒன்றுகூட வேண்டாம்.

அடுக்கும் விதத்தில்தான் பல இடங்களில் கெடுகிறது. 16, 24 பக்கப் படப் புத்தகத்துக்கு முதுகு கிடையாது, நடுவில் ஸ்டேப்ளர் பின் மட்டும்தான். அலமாரியில் செருகினால் தலைப்பு தெரியாது. குழந்தை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத் திரும்பச் செருகும்போது அட்டை மடங்கிவிடும். அட்டைப்படம் தெரிய வேண்டும். பாத்திரக் கடையில் கிடைக்கும் நீள்சதுர பிளாஸ்டிக் கூடை மூன்று வாங்குங்கள். புத்தக உயரத்தில் பாதி அளவுக்குக் கூடையின் சுவர் இருந்தால் போதும். அட்டை முன்பக்கம் பார்க்க நிறுத்துங்கள், ஒரு கூடைக்கு 20-க்கு மேல் வேண்டாம். நெருக்கி வைத்தால் விரலால் தள்ளிப் பார்க்க முடியாமல் குழந்தை மொத்தத்தையும் கொட்டிவிடும். கூடைகளைத் தரையிலேயே வையுங்கள். மேசை மேல் வைத்தால் 3 வயதுக்காரருக்கு எட்டாது.

கயிறு கட்டி கிளிப்பில் தொங்கவிடுவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 24 பக்கத்துக்கு மேல் எடை தாங்காமல் புத்தகம் ஒரு பக்கமாகத் தொங்கி, அட்டை பின்னிலிருந்து பிய்ந்துவிடும். அன்றைக்கு வாசிக்கப்போகும் இரண்டு புத்தகத்தை மட்டும் அப்படித் தொங்கவிடலாம்.

நிலை பிரிக்க முதுகோரத்தில் வண்ணப் பொட்டு ஒட்டுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு இயக்கப் புத்தகங்களின் நுழை, நட, ஓடு, பற என்ற பிரிவு பழக்கமானது, அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நிறம் பெரியவர்களுக்கான குறிப்பு மட்டுமே. ‘நீ இன்னும் பச்சைதான்’ என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லக் கூடாது. தன் நிலைக்கு மேலான புத்தகத்தைப் படம் பார்க்க எடுத்தால் எடுக்கட்டும்.

கதைக்கூடை:

நூலடுக்கு சொன்னதற்குப் பிறகு நேரப் பிரிவுக்கு வருகிறேன். முதல் 10 நிமிடம் வருகிறவர்கள் கூடையைத் துழாவட்டும், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த 15 நிமிடம் ஒருவர் எல்லாருக்கும் உரக்க வாசிப்பது. ஒரு பாட்டு, கை கால் உதறல், 5 நிமிடம். பிறகு 20 நிமிடம் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையுமாகச் சேர்ந்து வாசிப்பது. கடைசி 10 நிமிடம் வீட்டுக்கு எடுத்துப்போவதைப் பதிவது. இந்த மணி நேரத்தின் உயிர் அந்த 20 நிமிடம். மற்ற எதையும் சுருக்கலாம், அதைச் சுருக்காதீர்கள்.

பெற்றோர் போய்விடாமல் இருக்க அறிவிப்பிலேயே வழி செய்யுங்கள். ‘குழந்தைகளுக்குக் கதை நேரம்’ என்று போட்டால் டியூஷனில் விடுவதுபோல் விட்டுவிட்டுப் போவார்கள். ‘ஒரு குழந்தை, ஒரு பெரியவர், ஒரு பாய்’ என்று போடுங்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. நாற்காலி போடாதீர்கள். போட்டால் பெரியவர்கள் சுவரோரம் உட்கார்ந்து கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

உரக்க வாசிக்கும்போது செய்ய வேண்டியவை: வாசிப்பவர் ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும், குழந்தைகளின் முதுகு ஜன்னல் பக்கம். மாற்றி உட்கார்ந்தால் வெளிச்சம் குழந்தைகளின் கண்ணில் அடித்துப் படம் இருண்டுபோகும். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தால் நீங்கள் எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டிவரும். தோளுக்குப் பக்கவாட்டில், குழந்தைகளின் கண் மட்டத்தில், கீழ் நடுவில் கட்டைவிரல் வைத்துப் பிடியுங்கள். சாதாரண அளவுப் புத்தகத்தில் 6, 7 அடிக்கு அப்பால் படம் தெரியாது, எனவே இரண்டு வரிசை அரைவட்டத்துக்கு மேல் போகாதீர்கள். தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியைக் குறைத்துவையுங்கள். அது பக்கத்தையும் புரட்டும், குரலையும் விழுங்கும். முந்தின நாள் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்காமல் வாசிக்க உட்காராதீர்கள்.

அச்சில் ‘சென்றான், கூறினாள்’ என்று இருக்கும். 3, 4 வயதுக்கு அது அந்நியமாகத் தொனிக்கும். படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு, உடனே அச்சில் உள்ளபடி வாசியுங்கள். இரண்டும் காதில் விழ வேண்டும். பேச்சு நடைக்கு மாற்றிச் சொல்வதோடு நிறுத்திவிட்டால், பள்ளிப் புத்தகத்தைத் திறக்கும் நாளில் அந்த நடை முழுக்கப் புதிதாக இருக்கும்.

இனி படிக்கத் தெரியாதவர்கள். சொல்லில்லாப் படக்கதைகளை முதலில் பாட்டிகள் கையில் கொடுங்கள். இதில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள். எழுத்து தெரிந்தவர்கள் படத்தைப் பார்க்காமல் வரியை ஓட்டிவிடுவார்கள். எல்லாப் பெரியவர்களுக்கும் ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள்: கேள், ஆமோதி, கொஞ்சம் நீட்டு, திரும்பச் சொல்ல வை. அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-ல் ஆய்வு வெளியிட்ட உரையாடல் வாசிப்பு முறையின் சாரம் இதுதான். நடக்கும்போது இப்படி இருக்கும்:

“இது என்ன கண்ணு?”
“நாய்.”
“ஆமா, நாய். நனைஞ்சுபோன நாய். எங்க, நீ சொல்லு.”
“நனைஞ்ச நாய்.”
“ஏன் நனைஞ்சுது?”

இதில் கவனிக்க வேண்டியது, கேள்வி கேட்டபின் விடும் இடைவெளி. மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை பெரியவர் வாயைத் திறக்கக் கூடாது. பெரும்பாலும் இரண்டிலேயே பதிலைத் தாங்களே சொல்லிவிடுவார்கள், குழந்தை வாயை மூடிக்கொள்ளும். அடுத்த தப்பு, கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?’ என்று கேட்பது. அது பரீட்சை. அதற்குப் பதிலாக ‘எந்தப் பக்கத்த திரும்பப் பாக்கலாம்?’ என்று கேட்கச் சொல்லுங்கள்.

நாலாம்தெரு:

நல்ல திட்டம். ஒரு யோசனை: மாதத்தில் அதிகப் புத்தகம் படித்த பிள்ளைக்குப் பரிசும் சான்றிதழும் கொடுத்தால் கூட்டம் தானாக வரும்.

கதைக்கூடை:

கூட்டம் வரும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள். ஒரே புத்தகத்தை நாலு வாரம் திரும்பத் திரும்ப எடுக்கிற குழந்தை தோற்றதாக ஆகிவிடும். 4 வயதில் ஒரே கதையைப் பத்து முறை கேட்பதுதான் சொல்லைப் பிடிக்கிற வழி. பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வந்த எல்லாருக்கும் ஒரு புத்தகம் கொடுங்கள். சான்றிதழுக்கு ஆகும் அச்சுச் செலவை அதற்குத் திருப்பிவிடலாம்.

ஊசிநூல்:

புத்தகம் தாங்குவதைப் பற்றி நான் சொல்கிறேன். டெல்டாவிலும் கடலோரத்திலும் ஈரக் காற்றுக்கு முதலில் பலியாவது ஸ்டேப்ளர் பின். துருப்பிடித்துத் தாளை அரித்து, நடுத்தாள் தனியாக வந்துவிடும். வாங்கினதும் அதிகம் புழங்கும் புத்தகங்களின் பின்னைக் கழற்றிவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். ஒரு புத்தகத்துக்கு 5 நிமிடம்தான் ஆகும்.

புத்தகத்தை நடுவில் விரித்து, மடிப்பின் மேல் மூன்று துளை போடுங்கள்: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி ஒவ்வொன்று. பழைய பின் துளைக்கு மிக அருகில் போட்டால் தாள் கிழியும். தடித்த பருத்தி நூலை, புத்தக உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு எடுத்து, உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே இழுங்கள், மூன்று அங்குல வால் உள்ளே நிற்கட்டும். வெளியேயிருந்து மேல் துளை வழியாக உள்ளே வாருங்கள். நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே போங்கள். திரும்ப நடுத்துளை வழியாக உள்ளே வாருங்கள். இப்போது உள்ளே நீளமாக ஓடும் தையலுக்கு இருபுறமும் இரண்டு முனை இருக்கும். அந்தத் தையலை அணைத்தபடி முடிச்சுப் போட்டு அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். இரு முனையும் ஒரே பக்கம் நின்றால் முடிச்சு தையலைப் பிடிக்காது, தளர்ந்துவிடும்.

கிழிசலுக்கு செல்லோடேப் போடவே போடாதீர்கள். மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய டிஷ்யூ தாள் துண்டும் துளி நீர் கலந்த வெள்ளைப் பசையும் போதும். மேலும் கீழும் நெகிழித்தாள் வைத்து, மேலே கனம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். மைதாப் பசை பூச்சியைக் கூப்பிடும். அதைத் தடுக்க பைண்டிங்கில் மயில் துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம். வாயில் வைக்கிற வயசுக் குழந்தைகள் எடுக்கும் புத்தகத்துக்கு அது ஆகவே ஆகாது.

பணம் போதாவிட்டால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைப் பி.டி.எஃப். ஆக இறக்கி அச்சிடலாம். திறந்த உரிமத்தில் தருகிறார்கள். எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டிவிடக் கூடாது. நிமிர்ந்த பக்கமாக இருந்தால் ஏ4 தாளில் ‘புக்லெட்’ அமைப்பில் போட்டு மடித்துத் தைக்கலாம். 16 பக்கத்துக்கு 4 தாள். இருபுற அச்சில் ‘குறுகிய ஓரம் புரட்டு’ என்று வைக்காவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு பக்கம் தலைகீழாக வரும். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் விழும். படுக்கைவாட்டுப் பக்கங்களை இப்படி மடிக்க வராது. ஒரு பக்கம் ஒரு தாளாக எடுத்து இடது ஓரத்தில் தைத்துவிடுங்கள்.

வட்டம்_டெல்டா:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம் மட்டும். 10, 12 வயது அண்ணன் அக்காக்கள் தம்பி தங்கையோடு வந்து சலித்துப்போய் ஓடித் திரிந்தால்? அதே நேரத்தில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் சத்தத்துக்குக் கோபப்பட்டால்?

நூலடுக்கு:

பெரிய பிள்ளைகளைப் பெரியவர் கணக்கில் சேருங்கள். யாருமில்லாமல் வரும் சின்னக் குழந்தைக்கு அவர்களே வாசிப்புத் துணை. தயங்கித் தயங்கிப் படிக்கிற 10 வயதுப் பையன் தன் வயதுப் புத்தகத்தை எல்லார் முன்னும் எடுக்க வெட்கப்படுவான். 4 வயதுத் தங்கைக்குப் படிப்பதாகச் சொன்னால் அதே எளிய புத்தகத்தைக் கூச்சமில்லாமல் உரக்கப் படிப்பான். பதிவு நோட்டையும் அவர்களிடமே கொடுங்கள்: குடும்பத்துக்கு ஒரு பக்கம், தேதி, புத்தக எண், திரும்பிய தேதி. அபராதம் வேண்டாம். ஐந்து ரூபாய்க்குப் பயந்து புத்தகத்தோடு குடும்பமே வராமல் நின்றுவிடும். இரண்டு வாரம் வராதவர்களுக்கு வாட்ஸப்பில் ‘இந்த வாரம் புதுக் கூடை திறக்கிறோம்’ என்று சொல்லுங்கள். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு எழுதாதீர்கள்.

நாளிதழ் வாசகர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒரு வாரம் முன்பே நேரத்தை எழுதி நாளிதழ் மேசைக்கு மேலேயே ஒட்டுங்கள், காலை 10.30 முதல் 11.30 என்றால் பலர் அதற்குள் படித்து முடித்திருப்பார்கள். பாயை அவர்கள் மேசைக்கு எதிர்மூலையில் போடுங்கள். அவர்களில் குரல் நன்றாக இருக்கிற ஒருவரிடம் அடுத்த வாரம் ஒரு புத்தகம் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டும் பாருங்கள். வர ஒப்புக்கொண்டால் புத்தகத்தை வெள்ளிக்கிழமைக்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள், பல கிளை நூலகங்களுக்கு அன்று விடுமுறை.