அப்பாக்குப் புது காது மெஷின்: சத்தம் கேக்குது, கதை விளங்கேல்ல. உதவி தேவை

வெள்ளவத்தை மகள்:
அப்பாக்கு 74 வயது. போன மாசம்தான் ரெண்டு காதுக்கும் மெஷின் எடுத்தனாங்கள். வீடு காலி வீதிக்குப் பக்கத்தில. பஸ் ஹோர்ன், ஃபேன், பேப்பர் புரட்டுற சத்தம் எல்லாம் காதைக் கிழிக்குதாம், நாங்க கதைக்கிறது மட்டும் விளங்கேல்லையாம். தன்ர குரல் பீப்பாக்குள்ள இருந்து வாற மாதிரியாம். கழட்டி லாச்சிக்குள்ள வச்சிட்டார். மெஷின் பிழையா? திருப்பிக் குடுக்கலாமா?

கொட்டாஞ்சேனை அன்ரி:
அவசரப்படாதேங்கோ பிள்ளை. நானும் மெஷின் போடுற ஆள்தான். காது கொஞ்சம் கொஞ்சமாக் குறையேக்க ஃபேன் சத்தம், குழாய்த்தண்ணிச் சத்தமெல்லாம் மூளைக்கு மறந்துபோகும். எல்லாம் ஒரேயடியாத் திரும்பி வந்தா எதைக் கவனிக்கிறது, எதை விடுறது எண்டு அதுக்குத் தெரியாது. பழகக் கிழமைக்கணக்காகும், சில பேருக்கு மாசக்கணக்கு. லாச்சிக்குள்ள கிடந்தா ஒருநாளும் பழகாது. முதல்ல அமைதியான அறையில, ஒராளோட மட்டும் கதைக்கட்டும். வீரகேசரிப் பேப்பரைச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்கோ, தன்ர குரலும் பழகிடும். போடுற நேரத்தை நாளுக்கு நாள் கூட்டுங்கோ. கலியாண வீடு, தேர்த்திருவிழா எல்லாம் பிறகு பாப்பம்.

ஓடியோலஜிஸ்ட் ஒருவர்:
காது கேக்கிற அளவைப் பரிசோதிச்சு மெஷின் பொருத்துறதுதான் என்ர வேலை. அன்ரி சொன்னது சரி. ஆனா எல்லாத்தையும் பொறுத்துக்கொண்டிருக்கவும் வேணாம். பீப்பாக் குரல் குறையேல்லையெண்டா காதுக்குள்ள போற ரப்பர் டோமைப் பாக்கவேணும். அது காதை முழுசா அடைச்சா சொந்தக் குரலின்ர அதிர்வு வெளியால போக வழியில்லை. கேள்திறன் பரிசோதனை முடிவு இடம் குடுத்தா துளை உள்ள டோம் போடலாம். ஹோர்ன் சத்தம் காதை நோக வைச்சா மெஷின் குடுக்கிற உச்ச ஒலி அளவைக் குறைக்கலாம். விசில் அடிச்சா டோம் சரியா இருக்கேல்ல, இல்லாட்டி காதழுக்கு. இதுகளுக்குக் கட்டாயம் மெஷின் எடுத்த இடத்துக்குத் திரும்பிப் போங்கோ, ஒரு தடவையில சரிவராது. காதுக்குள்ள மெல்லிய குழாய் வச்சு ஒலியை அளந்து சரிபாக்கச் சொல்லியும் கேளுங்கோ. காது திடீரெண்டு கேக்காமல் போனா, சீழ் வந்தா, அண்டைக்கே டொக்டரிட்டக் காட்டவேணும்.

இன்னொண்டு. வயசால வாற குறைவில உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதல்ல போகும். அதால ஆள் கதைக்கிறது கேக்கும், ஆனா கடையா, படையா, தடையா எண்டு பிரிக்கேலாது. மெஷின் சத்தத்தைக் கூட்டித் தரும், உள்காதில பழுதானதைத் திருப்பித் தராது. அமைதியில நல்லா விளங்கினாலே பெரிய முன்னேற்றம் எண்டு அப்பாக்கு இப்பவே சொல்லிவையுங்கோ. இதைச் சொல்லாம விக்கிறதாலதான் கனபேர் மனம் விட்டுப்போகினம்.

வெள்ளவத்தை மகள்:
நன்றி அன்ரி, நன்றி டொக்டர். ஞாயிறு மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்கு வருவினம். அண்டைக்குப் போடச் சொல்லட்டா?

ஓடியோலஜிஸ்ட் ஒருவர்:
போடட்டும், களைச்சா கழட்டட்டும். வீதிப்பக்க ஜன்னலுக்கு முதுகு காட்டி இருத்துங்கோ. கனக்க மெஷின்களில மைக் முன்னால வாற சத்தத்தைத்தான் கூட எடுக்கும். ரீவியை நிப்பாட்டுங்கோ.

கொட்டாஞ்சேனை அன்ரி:
முதல்ல "அப்பா" எண்டு கூப்பிட்டு, அவர் முகம் பாத்தாப் பிறகு கதையுங்கோ. கத்தாதேங்கோ, கத்தினா இன்னும் விளங்காது. விளங்கேல்லையெண்டா அதையே வேற சொல்லில சொல்லுங்கோ. "ஒண்டுமில்லை, விடுங்கோ" எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை. எங்களுக்கு அதுதான் பெரிய நோவு.