புதுப்பிப்பு: சிக்கனம் பிடித்து ஹம்பி போய் வந்தாச்சு

ஜனவரியில் இங்கே எழுதியிருந்தேன்: வெளிச் சாப்பாட்டை நிறுத்தி, மாதம் 1,500 ரூபாய் ஒதுக்கி, பத்து மாதத்தில் நானும் மனைவியும் ஹம்பி போகப் போகிறோம் என்று. "ரெண்டு மாசம் தாங்காது" என்று ஒருவர் சொல்லியிருந்தார். மூன்றாம் மாதமே தடுக்கியது உண்மைதான். கல்யாண மொய்யில் அந்த மாத ஒதுக்கீடு போய்விட்டது. தீபாவளி போனஸில் ஈடுகட்டினேன்.

மாதாமாதம் பணம் போடும் அஞ்சலகத் தொடர் வைப்பை (ஆர்.டி.) பரிந்துரைத்தவர்களுக்கு: அது 5 வருடக் கணக்கு, 3 வருடம் முடியாமல் மூட முடியாது. அதனால் வங்கியில்தான் போட்டேன்.

சென்னையிலிருந்து ஸ்லீப்பரில் குண்டக்கல், அங்கே மாறி ஹொசப்பேட்டை, அப்புறம் டவுன் பஸ். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, அன்றைக்குக் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். விட்டலர் கோயிலுக்கு எடுத்த 40 ரூபாய் டிக்கெட்டிலேயே அன்று தாமரை மகாலும் யானைக் கொட்டாரமும் பார்த்தோம். 50 ரூபாய் நோட்டில் இருக்கும் கல்தேர் எதிரே நின்றபோது, மனைவி பர்ஸைத் திறந்து நோட்டையும் தேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கணக்கு மீறியது துங்கபத்திரையில் பரிசலுக்குத்தான். பேரம் பேசத் தெரியவில்லை, சரி போகட்டும்.

மொத்தம் 11,200 ஆனது. மீதி 3,800 அடுத்த பயணத்துக்கு. அவள் பாதாமி என்கிறாள், நான் தனுஷ்கோடி என்கிறேன். டிபன் பாக்ஸ் மட்டும் தொடர்கிறது.