பிளாக் சுவர் மாடல் சோதனையைவிட மூன்று மடங்கு விறைப்பு: எங்கே தப்பு?

கேட்டவர்: முதுகலை மாணவன்
கம்பியிட்ட கான்கிரீட் பிளாக் சுவர் ஒன்றை ஓப்பன்சீஸ் என்ற கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளில் மாடல் செய்கிறேன். நீளம் 1.8 மீ, உயரமும் 1.8 மீ, தடிமன் 190 மி.மீ. எல்லாக் குழியிலும் கிரவுட் (இளகிய கான்கிரீட் நிரப்பு) உண்டு. அடியில் பிடிப்பு, தலையில் பக்கவாட்டுத் தள்ளல். பிரிசத்தின் (சில பிளாக்குகளை அடுக்கிக் கட்டிய சோதனைத் துண்டு) வலிமை 12 எம்பிஏ. யங் மாடுலஸ் அதன் 900 மடங்கு, அதாவது 10,800 எம்பிஏ. முழுச் சுவருக்கும் ஒரே ஃபோர்ஸ் பீம்-காலம் (உத்திரம்-தூண்) எலிமென்ட், குறுக்குவெட்டை மெல்லிய பட்டைகளாகப் பிரிக்கும் ஃபைபர் செக்‌ஷன், 5 லோபாட்டோ புள்ளிகள் (உயரவாக்கில் கணக்கு நடக்கும் இடங்கள்).

சோதனையில் தொடக்க விறைப்பு மி.மீ.க்கு 150 கிலோநியூட்டன். மாடலில் 510! உச்ச விசை மட்டும் பொருந்துகிறது. துல்லியம் கூடட்டும் என்று 7 புள்ளி வைத்தால், உச்சத்துக்குப் பிறகு விசை-நகர்வுக் கோடு தடாலென்று விழுகிறது. மூன்று இரவாக டாலரன்ஸை (கணக்கில் அனுமதிக்கும் பிழை வரம்பு) மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

பதில் 1
தம்பி, டாலரன்ஸை விடுங்கள். ஃபைபர் செக்‌ஷனுக்கு வளைவு மட்டும்தான் தெரியும், ஷியர் (பக்கவாட்டில் நழுவும் சிதைவு) தெரியாது. ஷியர் மாடுலஸ் யங் மாடுலஸின் 0.4 மடங்கு என்றால், உயரமும் நீளமும் சமமான சுவரில் நகர்வு வளைவால் 4 பங்கு, ஷியரால் 3 பங்கு. அந்த 3 பங்கு உங்கள் மாடலில் இல்லவே இல்லை. செக்‌ஷன் அக்ரிகேட்டர் கட்டளையில் ஷியரையும் சேர்த்தால் 510 ஏறக்குறைய 290 ஆகும். கையாலேயே போட்டுப் பாருங்கள்.

அந்த 900 எங்கிருந்து? அமெரிக்கக் கட்டுமான விதி டிஎம்எஸ் 402 கான்கிரீட் பிளாக்குக்குச் சொல்வது. நம் நிலநடுக்க விதி ஐஎஸ் 1893 (2016) நிரப்புச் சுவருக்கு 550 என்கிறது. பிரிசம் உடைத்தபோது சுருக்கத்தை அளந்திருந்தால் அந்த அழுத்தம்-ஸ்ட்ரெயின் (நீளத்துக்கான சுருக்கம்) கோட்டின் சரிவையே யங் மாடுலஸாகப் போடுங்கள்.

பதில் 2
7 புள்ளி விஷயம்: நொறுங்கல் முழுக்க அடிப் புள்ளியில்தான் குவியும். 5 புள்ளியில் அதன் பங்கு உயரத்தில் இருபதில் ஒன்று, 90 மி.மீ. அரைக் கல்கூட இல்லை! 7 வைத்தால் 43 மி.மீ. அதே நகர்வுக்கு அங்கே ஸ்ட்ரெயின் இரட்டிப்புக்கும் மேல். விழாமல் என்ன செய்யும்? 3 புள்ளி வைத்தால் 300 மி.மீ., ஒன்றரை வரிசை. இல்லையென்றால் நொறுங்கல் ஆற்றல் மாறாதபடி சரியும் பகுதியின் ஸ்ட்ரெயினை மாற்றுங்கள்.

சுவர் எப்படி உடைந்தது? மூலைவிட்ட விரிசல் என்றால் அக்ரிகேட்டரில் சேர்க்கும் நேர்கோட்டு ஷியர் ஸ்பிரிங் அதைக் காட்டாது. அப்புறம், நகர்வுமானியை எதில் பொருத்தினீர்கள்? தரையிலா, அடித்தள பீமிலா?

கேட்டவர்
அடிமூலைதான் நொறுங்கியது, மூலைவிட்ட விரிசல் மெல்லியவை. பிரிசம் சரிவு 7,900. ஷியரும் சேர்த்ததும் மாடல் 214க்கு வந்தது. மானி தரையில்தான் சார், வசமாக மாட்டினேன். பீமின் வழுக்கலையும் சாய்வையும் கழித்ததும் சோதனை விறைப்பு 150லிருந்து 190 ஆனது. 3 புள்ளியில் உச்சத்துக்குப் பிந்தைய இறக்கமும் ஓரளவு ஒட்டுகிறது.

பதில் 2
மீதி வித்தியாசத்துக்கு, கம்பி அடித்தளத்துக்குள் நீள்வதற்கு அடியில் நீளமே இல்லாத ஒரு ஜீரோ லெங்த் செக்‌ஷன் போட்டுப் பாருங்கள்.